வெறும் மெஷின் சுற்றிய நாட்கள்

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலைப் பழைய பேப்பரில் சுற்றி, அதை ஒரு ஷொப்பிங் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் திணித்து, கொழும்புக் காலி வீதி பஸ்ஸில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனதுண்டா? பக்கத்துச் சீட்டுக்காரர் "என்ன, சாப்பாடோ?" என்று கேட்டுவிடக் கூடாதே என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டதுண்டா? உண்டென்றால் நீங்கள் எங்கட ஆள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று, சிரித்த முகத்தோடு அந்தப் போத்தலை வாங்கினவள் நான்.

கட்டின புருஷனுக்கே காட்டாததை, முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டு ரசீது கேட்கிற தொழில் இரத்தப் பரிசோதனைக்கூடத் தொழில். மன்னார்ப் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை படித்து, கொழும்புக்கு வந்து ஊசி குத்திப் பழகி, வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சின்ன இடம். மேல்மாடியில் எங்கள் டொக்டர் அம்மா. கீழே கவுண்டரில் நான், உள்ளறையில் நுணுக்குக்காட்டியோடு நிஸ்தார் நானா, துப்புரவுக்குப் பூமணி அக்கா. ரயில் போனால் கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் கிணுகிணுக்கும். நிஸ்தார் நானா கண்ணை எடுத்து, ரயில் தெஹிவளைப் பக்கம் போய்த் தொலையும்வரை காத்திருப்பார். இப்போது அந்தக் கட்டடமே இல்லை. என் மகள் நித்திரையாகும் மத்தியான நேரங்களில் அந்தக் கிணுகிணுப்பு எனக்கு மட்டும் கேட்கும்.

மல்லிகை வாசம்

சேர்ந்த புதிது. மடிப்புக் குலையாத சேலையும் பெரிய பொட்டுமாக ஒரு அம்மா வந்தார். மகனுக்குப் பொழுதுபட்டால் பின்பக்கம் அரிக்கிறதாம், பல்லைக் கடிக்கிறானாம். கீரிப்பூச்சியாக இருக்கலாம், மலத்தைப் பார்க்கவேண்டும் என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். போத்தலை வாங்கியபோதே எனக்குச் சந்தேகம். இந்தப் போத்தல்களுக்கு ஒரு வாசம் உண்டு. அது மல்லிகை வாசம் அல்ல.

உள்ளே கொண்டுபோனேன். நிஸ்தார் நானா மூடியைத் திறந்தார், நுரை வந்தது. ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதுக்குள்ள ஒண்டும் உசிரோட இல்ல. இன்னும் கொஞ்சம் மணந்தா நானும் இருக்க மாட்டன்" என்றார். வெளியே வந்து அந்த அம்மாவிடம், வேறொரு போத்தலில் இன்னொருமுறை கொண்டுவாருங்கள் என்று பணிவாகச் சொன்னேன். அவருக்கு என்ன பிழை நடந்ததென்றே விளங்கவில்லை.

"உங்களுக்கு மணக்கக் கூடாதெண்டு நிலம் துடைக்கிற மருந்து ரெண்டு மூடி விட்டனான் பிள்ளை, அதுக்கு ஒரு நன்றிகூட இல்லையோ?"

செம்மஞ்சள் பொடிக்காரன்

வெள்ளைக் குருதிக் கலங்களின் பெயர்களைப் பள்ளிக்கூடத்தில் பாட்டுப்போலப் பாடமாக்கி, சோதனையில் எழுதிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியிலேயே எறிந்துவிட்டு வந்தவள் நான். அவற்றை உயிரோடு அறிமுகம் செய்துவைத்தவர் நிஸ்தார் நானா. வாடிக்கையாளர் இல்லாத ஒரு பின்னேரம், "வந்து பாருங்க, இவர்தான் ஆள்" என்று கூப்பிட்டார். ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போல இரட்டையாக ஒரு கரு. சுற்றிவர செம்மஞ்சள் பொடி, கேசரி கிண்டி வைத்தமாதிரி. இயோசினோபில் என்று பெயர். சுகமாக இருக்கிற ஒருவரின் இரத்தத்தில் நூறு வெள்ளைக் கலத்தை எண்ணினால் இவர் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார். வயிற்றிலோ நெஞ்சிலோ பூச்சி இருந்தால் கூட்டமாக வருவார்.

"அப்ப இவர் பூச்சியைச் சாப்பிடுவாரோ நானா?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கதிரை கிரீச்சிட்டது. கிருமி சின்னது, மற்றக் கலங்கள் அதை அப்படியே விழுங்கிவிடும். பூச்சி அப்படியா? ஒரு முழுப் பாண் ரொட்டிக்கு முன்னால் எறும்பு நிற்கிற மாதிரி. விழுங்க ஏலாது. அதனால் இவர்கள் கூட்டமாகப் போய்ச் சுற்றிவளைத்து, தங்கள் பையிலிருக்கிற பொடியைப் பூச்சியின் மேல் கொட்டுவார்கள். அது பூச்சியின் தோலை அரிக்கும், பக்கத்தில் இருக்கிற எங்கட சதையையும் கொஞ்சம் அரிக்கும். அதே நேரம் குடல் வழுவழுப்பைச் சுரந்து பூச்சியை வழுக்கிவிடப் பார்க்கும். சொறிவு, தும்மல், வயிற்றோட்டம் எல்லாம் "வெளியே போ" என்று உடம்பு போடுகிற சத்தம்தான். தூசுக்குத் தும்முகிறவர்களுக்கும் இதே ஆட்கள்தான் வருவார்களாம், வெறும் தூசியைப் பூச்சி என்று நினைத்து.

"மத்தவன் எல்லாம் விழுங்கக்கூடிய எதிரியோட சண்டை பிடிக்கிறான், இவன் விழுங்கேலாத எதிரியோட மல்லுக்கட்டுறான் தங்கச்சி, ஆனா சம்பளம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

இருமலுக்கு ஒரு மெஷின்

பூமணி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து ஹெந்தளையில், சதுப்புக்காணிப் பக்கம் ஒரு அறை எடுத்திருந்தார். மகள் கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடம், அந்த வருடம் சாதாரண தரம் எழுத இருந்தாள். காலையில் மகளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வருவார். எங்கள் நிலத்தில் முகம் தெரியும், அப்படித் துடைப்பார். ஒரே ஒரு குறை, இருமல். சளி இல்லாத வறட்டு இருமல், நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற சத்தத்தோடு. இரவில்தான் கூட என்பார், ஆனால் பகலிலும் விட்டு விட்டு வரும்.

ஒருநாள் ஒழுங்கைக்கு எதிர்ப்புறத்து வீட்டு ஐயா மேல்மாடிக்கே ஏறிப்போய், "இருமுற ஆள் துடைக்கிற இடத்தில எந்த நம்பிக்கையில ரத்தம் குடுக்கிறது?" என்று கேட்டுவிட்டார். டொக்டர் அக்காவை அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பினார். நெஞ்சுப் படமும் சளிப் பரிசோதனையும் செய்து, காசநோய் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். ஊதுகிற மருந்து ஒன்றும் கொடுத்தார்கள். இருமல் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் டொக்டர், "மாத முடிவுக்குள்ள இது நிக்காட்டி நான் வேற ஆள் பாக்கவேணும் பூமணி, சனம் வராட்டி எல்லாருக்கும்தான் வேலை இல்லை" என்று சொல்லிவிட்டார். வேலை போனால் ஹெந்தளை அறையும் போகும். மகளின் சோதனைக்கு முன்னால் இரண்டு பேரும் தோட்டத்துக்கே திரும்பவேண்டும்.

எங்களிடம் இரத்தக் குழாய்களை வைத்துச் சுற்றுகிற மெஷின் ஒன்று இருந்தது. சுற்றினால் இரத்தம் அடியில் இறங்கி, சீரம் என்கிற தெளிந்த நீர் மேலே நிற்கும். மிகப் பழசு, போட்டால் ஹெலிகொப்டர் இறங்குகிற சத்தம். பூமணி அக்காவுக்கு இருமல் கிளம்புகிற அறிகுறி முகத்தில் தெரியும். உடனே அவர் பின்பக்கத்துக் கழிவறைக்குள் ஓடுவார், நான் மெஷினைப் போடுவேன். உள்ளே ஒன்றும் இராது, வெறும் மெஷின். இருமல் முடிந்து அவர் கதவைத் தட்டினால் நிறுத்துவேன். மேல்மாடிக்கு மெஷின் சத்தம் மட்டும்தான் போகும். நிஸ்தார் நானா முதல்நாள் கண்ணை மூடிக்கொண்டார், அடுத்த நாள் தானே எழுந்துபோய்ப் போட்டார்.

"எங்க தோட்டத்துல குருவி கத்தினா மழை வரும்னு சொல்லுவாங்க, இங்க நான் இருமினா ஹெலிகொப்டர் வருது தங்கச்சி."

பாமன்கடை நாய்க்குட்டி

பாமன்கடையிலிருந்து ஒரு தாயும் நாலு வயதுப் பிள்ளையும். பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல், கொஞ்சம் இழுப்பு, வயிறு வீக்கம். இரத்தத்தை வைத்துப் பார்த்தால் செம்மஞ்சள் பொடிக்காரர்கள் திருவிழாப் போட்டிருந்தார்கள். மலத்தில் ஒரு முட்டைகூட இல்லை. தாய்க்குக் கோபம். "நாங்கள் கொதிச்சாறின தண்ணிதான், கடைச் சாப்பாடே இல்லை, எங்கட வீட்டில எங்கயிருந்து பூச்சி?" என்றார்.

டொக்டர் கீழே இறங்கிவந்து பிள்ளையிடம், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா, அப்பா, ரொமி என்றது பிள்ளை. ரொமி நாய்க்குட்டி, பிள்ளையும் ரொமியும் ஒரே மண் குவியலில்தான் சமைத்து விளையாடுவார்களாம். விஷயம் இதுதான். நாய்க்குட்டியின் பூச்சி முட்டை மண்ணோடு வாய்க்குள் போனால், மனிதக் குடலில் அது பெரிதாக வளராது, முட்டையும் போடாது. குஞ்சுகள் வழிதவறிப் பிழையான பஸ்ஸில் ஏறினவர்கள் மாதிரி ஈரல், நெஞ்சு என்று அலையும். உடம்பு அவற்றைத் துரத்திக்கொண்டே இருக்கும். அதனால் மலத்தில் ஒன்றும் இராது, இரத்தம் மட்டும் கத்தும். நிலம் துடைத்துக்கொண்டிருந்த பூமணி அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். தாய் மருந்துச் சிட்டையை வாங்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார்.

"பூச்சி நாயின்ரை, காய்ச்சல் பிள்ளையின்ரை, செலவு எங்கடை, நாய் மட்டும் ஒண்டும் தெரியாத மாதிரி வாலை ஆட்டுது டொக்டர்."

வன்னி ஐயாவின் ஞாபகசக்தி

இது சின்னக் கதை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஆபிரிக்காவில் வேலை செய்கிற மகனைப் பார்த்துவிட்டு வந்து, குளிரோடு காய்ச்சல் என்று வந்தார். போகமுன் மலேரியாக் குளிசை போட்டீர்களா என்று கேட்டேன். "எனக்கோ? நான் வன்னியில பிறந்து வளர்ந்தவன். சின்ன வயசில வருஷா வருஷம் மலேரியா வந்து வந்து உடம்பு பழகிட்டுது" என்று பெருமையாகச் சொன்னார். நிஸ்தார் நானா பார்த்த முதல் கண்ணாடித் தட்டிலேயே சிவப்புக் கலங்களுக்குள் மோதிரம் மோதிரமாக மலேரியா இருந்தது. அரசாங்க ஆட்கள் அன்றைக்கே வீடு தேடி வந்தார்கள். எங்கள் நாட்டில் அதை ஒழித்துவிட்டார்கள் அல்லவா, ஒரு ஆளுக்கு வந்தாலும் விடமாட்டார்கள்.

சுகமாகி ரிப்போர்ட் வாங்க வந்தபோது டொக்டர் விளக்கினார். மலேரியாவுக்கு எதிரான பழக்கம் அடிக்கடி கடி வாங்கிக்கொண்டிருக்கும்வரைதான். இடம் மாறி, வருஷங்கள் போனால் உடம்பு கையைக் கழுவிவிடும். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் படிப்பிச்ச பிள்ளையளின்ர பெயர் எல்லாம் இண்டைக்கும் சொல்லுவன், என்ர உடம்புக்கு ஒரு மலேரியாவை ஞாபகம் வைச்சிருக்கத் தெரியேல்லையோ?"

வெறும் ரிப்போர்ட்

மாத முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. பாமன்கடைப் பிள்ளையின் கதையைக் கேட்ட நாளிலிருந்து பூமணி அக்காவுக்கு ஒரே நினைப்பு: "எனக்கும் உள்ளுக்குள்ள அப்படி ஏதும் அலையுதோ தங்கச்சி?" டொக்டர் ஒரு கல்யாண வீட்டுக்குப் போன நாள் பார்த்து நான் அக்காவிடமிருந்து இரத்தம் எடுத்தேன். நிஸ்தார் நானா எண்ண உட்கார்ந்தார். ரயில் ஒன்று போனது, நிறுத்தினார். மறுபடி எண்ணினார். பிறகு புதுத் தட்டு ஒன்று செய்து, முதலிலிருந்து எண்ணினார்.

ஒரு செம்மஞ்சள் பொடிக்காரன்கூட இல்லை. பூச்சி இருக்கிற இரத்தம் என்றால் கூட்டமாக இருக்கவேண்டும். இங்கே சாதாரணமாக இருக்கவேண்டிய ஒன்றிரண்டு பேரும் இல்லை. "மாஷா அல்லாஹ், இவ்வளவு சுத்தமான ரத்தம் நான் பாத்ததே இல்ல" என்றார் நானா. நான் காலி வீதிக்கு ஓடிப்போய் மூன்று ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். நானும் நானாவும் சாப்பிட்டோம். பூமணி அக்கா தன்னுடையதைப் பேப்பரில் சுற்றி மகளுக்கு என்று பைக்குள் வைத்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"பூச்சி இருந்திருந்தா அதுக்கு ஒரு மருந்தாவது இருந்திருக்கும்; ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டீங்க, அப்ப ஒண்ணுமே இல்லாததுக்கா எனக்கு வேலை போகப்போவுது?"

மூடி திறந்தது

அதற்கடுத்த கிழமை, முற்பகல் நேரம். அக்காவுக்கு இருமல் கிளம்பியது, கழிவறைக்குள் ஓடினார், நான் மெஷினைப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் படியில் டொக்டர் நிற்கிறார். அந்த நேரத்தில் அவர் கீழே வருவதே இல்லை. "என்ன சுத்துது?" என்றார். "சீரம் பிரிக்கிறம் டொக்டர்" என்றேன். "சரி, நிப்பாட்டும், பாப்பம்."

பழைய மெஷினை உங்களுக்குத் தெரியாது. ஸ்விச்சை நிறுத்தினாலும் உடனே நிற்காது. மெல்ல மெல்லத்தான் இறங்கும். அது முழுக்க நிற்கும்வரை மூடியைத் திறக்கவும் ஏலாது. டொக்டரும் நானும் நிஸ்தார் நானாவும் அதைச் சுற்றி நின்றோம். மெஷின் சத்தம் குறையக் குறைய, கழிவறைக்குள்ளிருந்து இருமல் சத்தம் கூடிக்கொண்டு வந்தது. ரேடியோவில் ஒரு ஸ்டேஷனைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டுகிற மாதிரி. நான் கும்பிடாத தெய்வம் இல்லை. மெஷின் நின்றது. டொக்டர் மூடியைத் தூக்கினார். குழாய் வைக்கிற எல்லா ஓட்டையும் வெறுமை. "ஆரின்ர ரத்தம் இது?" என்றார். "வெறும் மெஷின் சுத்துற சத்தமும், குழாய் வைச்சுச் சுத்துற சத்தமும் எனக்கு வித்தியாசம் தெரியாதெண்டு நினைச்சீங்களோ? இவ்வளவு நாளாக் கேக்கிறன்."

அக்கா கண் சிவக்க வெளியே வந்து, நிலைமையைப் பார்த்து, "தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நாந்தான் போடச் சொன்னேன்" என்று ஒரு பச்சைப்பொய் சொன்னார். நிஸ்தார் நானா தன் பங்குக்கு, களவாக எண்ணிப் பார்த்ததையும் ஒருவன்கூட இல்லாததையும் ஒப்புவித்தார். அதைக் கேட்டதும் டொக்டரின் முகம் மாறியது. "ஒருத்தனும் இல்லையோ? ஒருத்தன்கூடவோ?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு அக்காவிடம், என்னென்ன மருந்து எடுக்கிறீர் என்றார். ஊதுகிறது மட்டும்தான் என்றார் அக்கா. "வேற?" வேறொன்றும் இல்லை. "இருமல் கூடினா என்ன செய்வீர்?" அக்கா இடுப்பு முடிச்சை அவிழ்த்து, பேப்பர் துண்டில் மடித்த சின்ன வெள்ளைக் குளிசைகளைக் காட்டினார். ஹெந்தளைப் பாமசிக்காரர் கொடுத்தது. போட்டால் இரண்டு நாள் இருமல் அடங்குமாம். மருந்து என்றால் டொக்டர் கொடுப்பது. கடையில் கேட்டு வாங்கினது அக்காவின் கணக்கில் மருந்தே இல்லை.

டொக்டர் குளிசையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அது ஸ்டெரொயிட், வீக்கத்தை அடக்குகிற பலத்த குளிசை. அதைப் போட்டால் செம்மஞ்சள் பொடிக்காரர்கள் இரத்தத்திலிருந்து மறைந்துவிடுவார்களாம். எதிரி போகவில்லை, காவல்காரரைத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். நானா எண்ணினது சரி, எண்ணின நாள்தான் பிழை. குளிசையைத் திடீரென்று விடவும் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும் என்று சொல்லி டொக்டர் ஒரு கதிரையை இழுத்தார். அக்காவை அதில் இருத்தி, என்னைப் பார்த்தார்.

"ஊசியை எடும் பிள்ளை, சீரத்தில பாக்கக்கூடிய ஒரு சோதனை இருக்கு, இந்த மெஷினில இண்டைக்காவது ஏதாவது வைச்சுச் சுத்துவம்."

ஸ்ட்ரைக்

சீரத்தை வெளியே அனுப்பினோம். பதில் வர நாளானது. அதற்குள் மாத முடிவு வந்து போனது. டொக்டர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை. குளிசை குறைந்து நின்ற பிறகு மறுபடி இரத்தம் எடுத்தோம். நிஸ்தார் நானா நுணுக்குக்காட்டியில் கண் வைத்தவர் அப்படியே எழும்பிவிட்டார். "ரப்பே, வந்து பாருங்க எல்லாரும்!" ரயில் போனது; அவர் கவனிக்கவே இல்லை. தட்டு முழுக்கக் கேசரி. பூமணி அக்காவையும் பார்க்க வைத்தோம். தன் இரத்தத்தைத் தானே பார்த்து, "இவ்வளவு பேருமா என் உள்ள இருக்காங்க?" என்றார்.

சீரமும் அதையே சொன்னது. யானைக்கால் பூச்சி. அக்கா குனிந்து முதலில் தன் காலைத்தான் பார்த்தார். டொக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: கால் வீங்கவில்லை, பயப்படவேண்டாம். ஹெந்தளை நுளம்பு கடித்து உள்ளே போன பூச்சி, இரத்தத்தில் குஞ்சுகளை விடுகிறது. அந்தக் கரையோரத்தில் நெடுங்காலம் இருக்கிற சனத்தில் அநேகம் பேரின் உடம்பு அந்தப் பூச்சியோடு ஒருமாதிரிச் சமரசமாகப் போய்விடும். பூச்சியும் உடம்பைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கிற கெட்டிக்காரப் பூச்சி. மலையிலிருந்து வந்த உடம்புக்கு இந்தப் பூச்சியைத் தெரியாது. அது சமரசத்துக்குப் போகாமல் ஒவ்வொரு குஞ்சையும் நெஞ்சுக்குள் மடக்கிப் பிடித்துப் பொடியைக் கொட்டுகிறது. அந்தச் சண்டையின் சத்தம்தான் இருமல். சண்டை நியாயம்தான், நடக்கிற இடம்தான் பிழை. நீளவிட்டால் நெஞ்சே பழுதாகிவிடும். அரசாங்கக் கிளினிக்கில் மூன்று கிழமைக்குக் குளிசை கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் பூச்சி சாகும்போது காய்ச்சல் அடித்தது. பிறகு இருமல் குறைந்து, ஒருநாள் நாங்கள் கவனித்தால் அன்றைக்கு மெஷினை ஒருமுறைகூடச் சும்மா போடவில்லை. எதிர்வீட்டு ஐயா வந்தபோது டொக்டரே கீழே இறங்கி, "இது தொத்துற இருமல் இல்லை, பூமணி எங்களோடதான் இருக்கிறா" என்று சொல்லி அனுப்பினார். அக்கா நிலத்தைத் துடைத்தபடியே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஊரு சனத்து ஒடம்பெல்லாம் சமாதானமாப் போயிருச்சு, தோட்டத்து ஒடம்பு இல்லையா தங்கச்சி, ஸ்ட்ரைக் பண்ணாம விடுமா?"

பிளக்

அடுத்த வருடம் வீட்டுச் சொந்தக்காரர் கட்டடத்தை இடித்து மாடிவீடு கட்டப் போகிறேன் என்றார். டொக்டர் கல்கிசையில் ஒரு பெரிய இடத்தோடு சேர்ந்துகொண்டு, போகும்போது பூமணி அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். நிஸ்தார் நானாவுக்குக் கொட்டாஞ்சேனையில் வேலை கிடைத்தது. எனக்கு வயிற்றில் ஆறு மாதம். வீட்டோடு இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அக்காவின் மகள் சோதனை எழுதி, உயர்தரத்துக்குப் போயிருந்தாள். இப்போது என் மகள் கிடைக்கிற மண்ணையெல்லாம் ருசி பார்க்கிறாள். பூச்சிமருந்து கொடுக்கிற நாளை நான் பிறந்தநாள்போல ஞாபகம் வைத்திருக்கிறேன். அவள் தும்மினால்கூட எனக்குக் கேசரிதான் ஞாபகம் வருகிறது.

கடைசி நாள் சாமான் கட்டினோம். நுணுக்குக்காட்டியை நிஸ்தார் நானா குழந்தையைத் தூக்குகிற மாதிரித் துணியில் சுற்றினார். ரயில் ஒன்று போனது. கிணுகிணுக்க ஒரு குழாயும் அலுமாரியில் இல்லை. பழைய மெஷினைப் புது இடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். பழைய சாமான் எடுக்கிறவர் வாசலில் நின்று, "மிஸ், இக்மன்ட தெண்ட" என்று, கெதியாகத் தரச்சொல்லிச் சிங்களத்தில் அவசரப்படுத்தினார். நான் குனிந்து பிளக்கில் கை வைத்தேன். யோசித்துப் பார்த்தால், அந்த மெஷின் அத்தனை வருடங்களில் பிரித்த இரத்தத்தைவிட, மூடி மறைத்த இருமல்தான் கூட. துடைப்பத்தோடு பின்னால் வந்து நின்ற பூமணி அக்கா என் தோளைத் தொட்டார்.

"இருங்க தங்கச்சி, கழட்டிறாதீங்க; கடைசியா ஒருக்கா வெறுமனே சுத்த விடுங்களேன், இருமாம நின்னு அந்தச் சத்தத்த நான் கேட்டதே இல்ல."